கேட்டுவிட்டு ஏறுங்கள்

கேமரன் மலைக்குப் போய் வந்தேன் என்றால் வீட்டில் முதல் கேள்வி, "ஸ்ட்ராபெரி வாங்கினியா?" என்பதுதான். அடுத்தது சோளம், அதற்கடுத்தது தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படம். கடந்த ஆண்டு நான் திரும்பி வந்தபோது இவை எதுவும் என்னிடம் இல்லை. இடது முழங்கையில் ஒரு கட்டும், சைக்கிள் முழுக்கக் காய்ந்த செம்மண்ணும்தான் இருந்தன.

கிரேவல் சைக்கிள் என்பது இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் பலரைப் பிடித்திருக்கும் ஆசை. பந்தய சைக்கிள் போலவே வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம். சரளைக்கல், செம்மண், செம்பனைத் தோட்டத்துப் பாதை எதிலும் போகும். தார்ச்சாலையில் லாரிகளுக்குப் பயந்து ஓரமாக ஒட்டி ஓட்டியவர்களுக்கு இது பெரிய விடுதலை. நானும் இரண்டு கூட்டாளிகளும் ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தாப்பாவுக்குக் காரில் போனோம். வாரக் கடைசியிலும் பள்ளி விடுமுறையிலும் அந்த மலைச்சாலையில் கார்கள் நத்தை போல ஊரும் என்பதால்தான் வேலை நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

தாப்பாவில் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறிவிட்டு, காலை ஆறரைக்கு மிதிக்கத் தொடங்கினோம். அங்கிருந்து ரிங்லெட் சுமார் 45 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் 1,000 மீட்டருக்கும் மேல். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்தப் பழைய சாலை அவ்வளவு கொடுமையானது அல்ல. வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தது 1885இல். சாலை வந்ததோ 1930களின் தொடக்கத்தில். அந்தக் காலத்து வண்டிகளால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையின் மடிப்புக்கு மடிப்பு வளைந்து வளைந்து, நிதானமாக ஏற்றியிருக்கிறார்கள். நூறு மீட்டர் போனால் இரண்டு, மூன்று மீட்டர்தான் உயர்வு. சின்ன கியரில் போட்டுப் பேசிக்கொண்டே ஏறலாம். சிரமம் வளைவுகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் அப்பால் இன்னொன்று.

லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். சாலையோரம் ஓராங் அஸ்லி மக்கள் பெட்டாய்க் கொத்துகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பார்கள். வியர்வையில் நனைந்த சட்டை முதுகில் சில்லிட்டபோது அந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது. பத்தரை மணிக்கெல்லாம் ரிங்லெட். பையை விடுதியில் போட்டுவிட்டு, மதியச் சோறும் சாப்பிட்டாயிற்று.

அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

கைத்தொலைபேசிச் செயலியில் யாரோ ஒருவர் பதிவு செய்து வைத்த பாதை இருந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி வெளியே வரும் 18 கிலோமீட்டர் செம்மண் பாதை. தோட்டத்து நுழைவில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பம். காவலரைக் காணோம். பக்கத்தில் சைக்கிள் நுழையும் அளவுக்கு இடைவெளி. "மேப்புல ரோடு இருக்கு மச்சான்," என்றான் கூட்டாளி. நான்தான் முதலில் நுழைந்தேன். இதை ஒளிக்க விரும்பவில்லை.

உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. இருபுறமும் சீவிவிட்டது போலத் தேயிலை. நடுவில் சிவப்புக் கோடு போலப் பாதை. பறித்த இலை வாடிக் கெடுவதற்குள் அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக லாரி ஏறும் சரிவில், மலையின் இடுப்பைச் சுற்றிப் பாதை வெட்டியிருக்கிறார்கள். இலை பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையோ நேராக மேலே ஏறும். லாரிக்கு ஒரு வழி, மனிதருக்கு ஒரு வழி. ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைகளில் நம்மவர்களின் கால்கள் ஏறி இறங்கியிருக்கின்றன. இன்று இலை பறிப்பில் இயந்திரம் வந்துவிட்டது. அதை இருபுறமும் பிடித்து நடப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ஆனாலும் சில லயங்களின் வாசலில் மாவிலைத் தோரணம் இன்னும் காய்ந்து தொங்குகிறது.

இரண்டு மணிக்கு மேல் மேகம் இறங்கியது. கேமரனில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் மதியம் கிளம்பினோம். செம்மண் காய்ந்திருக்கும்போது சிமெண்ட்டைப் போலக் கெட்டி. பத்து நிமிடம் நனைந்தால் சவர்க்காரம். தோட்டத்துப் பாதைகளில் தண்ணீரை வெளியேற்றக் குறுக்கே சின்னச் சின்னக் கால்வாய் வெட்டியிருப்பார்கள். அதில் முன்சக்கரம் சாய்வாக இறங்கினால் ஆள் கீழே.

நான் இறங்கியதும் அப்படித்தான். ஒரு வளைவு, இறக்கம், வேகம். பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. முழங்கையில் தோல் உரிந்து, வளைவின் வெளியோரத்தில் ஒரு லயத்து வீட்டு வேலியில் போய் முட்டி நின்றேன்.

வீட்டிலிருந்து ஒரு பாட்டி வெளியே வந்தார். திட்டவில்லை. குழாயடியில் உட்காரவைத்து, கையைக் கழுவி, வெள்ளைத் துணியில் கட்டினார். மூவருக்கும் சூடாக மைலோ. அதற்குப் பிறகுதான் கேட்டார்:

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க தம்பி?"

கம்பத்தின் ஓரமாக நுழைந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கம்பு சும்மா போடலப்பா. மேல மருந்து அடிக்கிறாங்க. அடிச்ச பக்கம் நாங்களே போக மாட்டோம்." பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்குப் புள்ளைங்களுக்கு மாலை வகுப்பு. மூணு மணிக்கு இந்த வளைவுலதான் ஓடி வரும்."

அப்போது மணி மூன்றாக ஏழு நிமிடம்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எங்களாலும் பேச முடியவில்லை. சற்று நேரத்தில் புத்தகப் பையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பிள்ளைகள் அந்த வளைவில் ஓடி வந்தார்கள். என் டயர் கீறிய கோடு அவர்கள் காலடியில் இருந்தது. நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்தோம்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் ரிங்லெட் ஏரியைப் பார்த்தோம். சுல்தான் அபு பக்கார் அணைக்காக 1960களில் உருவான ஏரி. மலைச்சரிவுகளை வெட்டித் திருத்தியதால் மழையில் கரையும் மண் வந்து படிந்து படிந்து அதன் ஆழம் குறைந்துபோனது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டு, பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களே போயின. அன்று மாலையும் ஏரி தே தாரிக் நிறத்தில்தான் இருந்தது. நனைந்த மண் பாதையில் சக்கரம் கீறும் ஒவ்வொரு கோடும் அடுத்த மழைக்கு ஒரு வாய்க்கால். மழையில் செம்மண்ணில் ஓட்டக்கூடாது என்பதற்கு நம் முழங்கை மட்டும் காரணமல்ல.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். இம்முறை முன்கூட்டியே தோட்டத்து அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். ஞாயிறு காலை ஏழு முதல் பதினொன்று வரை, தொழிற்சாலைச் சாலையைத் தவிர்த்து, மூவர் மட்டும் என்று பதில் வந்தது. கம்பத்தருகே இம்முறை காவலர் இருந்தார். வயது அறுபதுக்கு மேல். பெயர்களை எழுதிக்கொண்டு சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன விலைப்பா இது?"

கூட்டாளி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அடேயப்பா! நாங்க இந்த மேட்டுல மிதிக்க முடியாமதான் மோட்டார் வாங்குனோம். நீங்க மோட்டார் வெலைக்கு மிதிக்கிறத வாங்கியிருக்கீங்க!" என்று சிரித்தபடி கம்பத்தைத் தூக்கினார். எந்தப் பக்கம் மருந்து அடித்திருக்கிறார்கள், எந்தத் திருப்பத்தில் மண் சரிந்திருக்கிறது என்று விரலால் காட்டினார். செயலியில் இல்லாத விவரம் அது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் ஏறி, பதினொரு மணிக்குள் மண் பாதையை முடித்துவிடுங்கள். செம்மண்ணில் டயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். என் எடைக்கு 35 பிஎஸ்ஐ போதுமாக இருந்தது. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இல்லாமல் கிளம்பாதீர்கள். பழைய லேண்ட்ரோவர்களில் காய்கறி ஏற்றிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். அவர்களுக்கு இது பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு. ஒதுங்கி வழிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நிலம் யாருடையது என்று தெரிந்துகொண்டு அனுமதி கேளுங்கள். மறுத்தால், தாப்பா சாலை ஒன்றே ஒரு நாளுக்குப் போதும்.

அந்த வளைவுக்குப் பத்து மீட்டர் முன்னால் நாங்கள் மூவரும் இறங்கி நடந்தோம். பாட்டிக்குக் கிள்ளானிலிருந்து ஒரு டின் முறுக்கு கொண்டு போயிருந்தேன். என் கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சு," என்றார். அதற்குள் பிள்ளைகள் சைக்கிள்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு சிறுமி பெடலைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, என் சைக்கிளின் கீழே குனிந்து தேடினாள்.

"அண்ணே, இதுல ஸ்டாண்டு எங்க?"

"இதுக்கு ஸ்டாண்டு கிடையாதும்மா."

"இவ்ளோ வெல குடுத்தும் ஸ்டாண்டு குடுக்கலையா?" என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சைக்கிளை மாரியம்மன் கோயில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பாட்டி கொடுத்த மைலோவைக் குடித்தேன்.