பெயர் பெற்ற எஞ்சின்களும் பெயர் பெறாத மனிதரும்

புகையிரதம் ஓடாத ஊர் எங்களுடையது. கொழும்பிலிருந்து புறப்படும் இரும்புப்பாதை மாகோவில் ஒரு முறையும் கல்ஓயாச் சந்தியில் மறுமுறையும் பிரிந்து, பொலநறுவை, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்பு நகரை அடைந்ததும் நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரைக்குத் தண்டவாளம் இதுவரை வரவில்லை. பொத்துவில் வரை அது நீட்டப்படும் என்ற பேச்சு பலமுறை எழுந்து பலமுறை அடங்கியிருக்கிறது. குருக்கள்மடத்தில் 'பாதை' என்ற சொல்லுக்கே பொருள் வேறு. வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குச் செல்லும் மிதவையைத்தான் எம்மவர் பாதை என்பர். வயலுக்குச் செல்லும் உழவரும் அவர்தம் துவிச்சக்கர வண்டிகளும் நெல் மூட்டைகளும் அதிலேறியே படுவான்கரைக்குப் போய் வருகின்றன.

இத்தகைய ஊரிலிருந்து நாம் புகையிரதத்தைப் பற்றி எழுத முற்படுவதற்குக் காரணம் எமது மாணவரே. பொது அறிவுப் போட்டிகளுக்காக அவர்கள் புகையிரதத் துணுக்குகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றனர். முதற் புகையிரதம் ஓடிய நாள் எது? 1864 டிசம்பர் 27. எங்கிருந்து எங்கு? கொழும்பிலிருந்து அம்பேபுசை. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்? ஐந்தடி ஆறங்குலம். பாதையின் அதியுயர்ந்த இடம்? பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையில், 6,226 அடி. கேள்வி முடியுமுன்னரே விடை வந்துவிடும்.

இதிலே குறை காண்பதற்கு எதுவுமில்லை. இளம் உள்ளங்கள் எந்திரங்களின் மீது கொள்ளும் வியப்பு நல்ல வியப்பே. ஆயின் துணுக்கு என்பது உமி நீங்காத நெல்மணி. "எப்போது?", "எத்தனை அடி?", "எது முதலாவது?" என்னும் கேள்விகளோடு நின்றுவிட்டால் உமிதான் மிஞ்சும். "யாருக்காக?", "யாருடைய உழைப்பால்?" என்று மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்கும்போதே உள்ளிருக்கும் அரிசி வெளிவருகிறது. அவ்வாறு சில துணுக்குகளைக் குத்திப் புடைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த 1864 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அம்பேபுசை வரையிலான 54 கிலோமீற்றர் பாதை பிரயாணிகளின் வசதிக்காக எழுந்ததன்று. கண்டிச் சீமையின் கோப்பி, மாட்டுவண்டிகளில் மலையிறங்கிக் கொழும்புத் துறைமுகம் வந்து சேர நாட்கணக்காயிற்று. தாமதம் தோட்டத் துரைமாருக்கு நட்டம். அவர்கள் ஆண்டுக்கணக்காக எழுப்பிய குரலே இரும்புப்பாதையாக உருக்கொண்டது. 1867 இல் அது கண்டியை அடைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1869 இல், கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை வந்தது. தேயிலையைத் தொடர்ந்து தண்டவாளமும் மலையேறியது. 1924 இல் பதுளையைத் தொட்டது. நெல் விளைகின்ற மட்டக்களப்புக்கு அது வந்து சேர்ந்ததோ 1928 இல். முதல் வண்டி ஓடி 64 ஆண்டுகள் கழிந்த பின்னரே எம் மாவட்டத்தின் நினைவு ஆட்சியாளருக்கு வந்தது. மட்டக்களப்புப் பாதை ஏன் பிந்தியது என்ற கேள்விக்குரிய விடை, முதற்பாதை ஏன் முந்தியது என்ற கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

அந்த முதல் வண்டியில் ஏறியோருள் ஓர் அரச விருந்தினரும் இருந்தார். அவர் பெல்ஜிய இளவரசர், பிரபாண்டுக் கோமகன். மறு ஆண்டு முடிசூடி இரண்டாம் லெயோப்போல்ட் மன்னர் ஆனவர் அவரே. 1885 முதல் ஆபிரிக்காவின் கொங்கோ நாட்டைத் தம் சொந்த உடைமையாக்கி, இறப்பருக்கும் யானைத் தந்தத்துக்கும் அந்நாட்டு மக்களை வதைத்தவர் என்று உலகம் அவரை அறியும். 1890 க்கும் 1898 க்கும் இடையில் கொங்கோவிலும் மட்டாடி என்னும் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு இரும்புப்பாதை போடப்பட்டது. அதை அமைத்த கறுப்புத் தொழிலாளருள் நோயாலும் வேலைக் கொடுமையாலும் மடிந்தோர் பலர். நம் நாட்டுத் துணுக்கு ஒன்றின் நூலைப் பிடித்துச் சென்றால் அது கொங்கோவின் கண்ணீரில் போய் முடிகிறது. குடியேற்ற நாடுகளின் வரலாறுகள் தனித்தனியானவை அல்ல என்பதை மாணவருக்கு விளக்க இதைவிட எளிய உதாரணம் வேண்டுமோ?

அடுத்து, எஞ்சின்களின் பெயர்களைப் பார்ப்போம். நீராவி எஞ்சின்களை நேசிப்போர் 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்' என்ற 251 ஆம் இலக்க எஞ்சினையும், 'பிரடெரிக் நோர்த்' என்ற 340 ஆம் இலக்க எஞ்சினையும் நன்கு அறிவர். டீசல் வந்த பின்னும் பேணிக் காக்கப்பட்ட எஞ்சின்கள் அவை. நோர்த், மெயிற்லண்ட் ஆகிய இருவரும் இலங்கையை அடுத்தடுத்து ஆண்ட ஆங்கிலத் தேசாதிபதிகள். நோர்த் 1798 முதல் 1805 வரையும், மெயிற்லண்ட் 1805 முதல் 1811 வரையும் ஆண்டனர். உலகில் முதன்முதலாக நீராவி எஞ்சின் ஒன்று தண்டவாளத்தில் சுமை இழுத்தது 1804 பெப்ரவரி 21 இல், வேல்ஸ் நாட்டில், ரிச்சர்ட் திரெவித்திக் என்பாரின் முயற்சியால். பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரொக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையில் நீராவி வண்டி ஓடியது 1825 இல். மெயிற்லண்ட் 1824 இலேயே இறந்துவிட்டார். பிரயாணிகள் புகையிரதத்தைக் கண்ணாலும் காணாத ஒருவரின் பெயரைத் தாங்கிக்கொண்டு அந்த எஞ்சின் நூற்றுக்கணக்கான மைல்கள் ஓடியிருக்கிறது!

இவ்வெஞ்சின்கள் பின்னாளில் உல்லாசப் பிரயாணிகளுக்காக இழுத்த அலங்கார வண்டிக்கு இடப்பட்ட பெயரோ 'வைசிரோய் ஸ்பெஷல்'. இலங்கையை ஆண்டவர்கள் தேசாதிபதிகள். வைசிரோய் இருந்தது இந்தியாவில். இல்லாத பதவிக்கும் பெயர்ப்பலகை கிடைத்துவிட்டது. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் வந்த கனேடிய டீசல் எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் கிடைத்தன. தேசாதிபதிக்கும் மாகாணத்துக்கும் கிடைத்த பெயர், எஞ்சினின் அடுப்பண்டை நின்று வெந்த மனிதனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

கடுகண்ணாவை ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி வீதம் பாதை உயர்கிறது. அவ்வேற்றத்தில் நீராவியின் அழுத்தம் தளர்ந்தால் வண்டி நின்றுவிடும். அது தளராதிருக்க 'பயர்மன்' இடைவிடாது கரியை வாரி அடுப்பினுள் வீசவேண்டும். அதுவும் ஒரே இடத்தில் குவியாமல் நெருப்பின்மேல் சமமாகப் பரவும்படி வீசவேண்டும். அது வலிமை மட்டுமன்று, கைத்திறனுமாகும். இலங்கையில் நிலக்கரி கிடையாது. எஞ்சின் பிரித்தானியாவிலிருந்து வந்தது. கரியும் கடல் கடந்து வந்தது. இந்நாட்டுக்குரியதாய் அதில் இருந்தது கரி வாரிய கை ஒன்றே. 2014 டிசம்பரில், புகையிரதத்தின் 150 ஆம் ஆண்டு நிறைவில், அதே கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. நம் மாணவர் அங்கே சென்று எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கட்டும். தொடும்போது அந்தக் கையையும் நினைக்கட்டும்.

இனி, எந்தத் துணுக்கு நூலிலும் இடம்பெறாத ஒன்றைச் சொல்வோம். கோப்பியைக் கீழிறக்கப் புகையிரதம் வந்தது. கோப்பியைப் பறித்தவர்களுக்கு அது வரவில்லை. தமிழகத்திலிருந்து கூலிகளாக அழைத்து வரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1914 இல். கோப்பி மூட்டைக்கும் அதைச் சுமந்த மனிதனுக்கும் இடையில் அரை நூற்றாண்டு இடைவெளி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பில் இத்துணுக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, படுவான்கரையிலிருந்து பாதையேறி வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், ஒப்பாரிக் கோச்சியை இழுத்தது எந்த எஞ்சின்?" என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. அப்படியொரு கோச்சியை ஏனையோர் கேள்விப்பட்டதில்லை. அவளுடைய குடும்பம் 1977 இனக்கலவரத்தின்போது மலையகத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து எம் மாவட்டத்தில் குடியேறியது. அவளுடைய அம்மம்மாவின் தங்கை அந்தக் கோச்சியிலேதான் இந்தியாவுக்குப் போனாளாம். "ஸ்ரேசனில் இரண்டு பேரும் கையை விடவில்லையாம், சேர். கோச்சி இழுத்துத்தான் கை விட்டுப்போனதாம்" என்றாள் மாணவி. அதன்பின் வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்களின் தலைவிதியை இரு நாட்டுத் தலைவர்களும் 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்திட்டுப் பங்கிட்டனர். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கு இது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வது. இந்தக் கணக்கின்படி மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற வண்டிகளையே மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எந்த அதிகாரியும் அப்பெயரை இடவில்லை. மேடையில் அழுதவர்கள் இட்டார்கள்.

அந்த 1964 ஆம் ஆண்டின் இறுதியை மாணவருடன் சேர்ந்து கரும்பலகையில் வரிசைப்படுத்தினோம். ஒக்டோபர் 30 இல் ஒப்பந்தம். டிசம்பர் 22 இரவு வீசிய சூறாவளியில், தலைமன்னாருக்கு எதிர்க்கரையான தனுஷ்கோடி அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் ஒரு புகைவண்டியைக் கடல் விழுங்கியது. டிசம்பர் 27 இல் இலங்கைப் புகையிரதத்துக்கு நூறு வயது நிறைந்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் பின்னர் கப்பலேறி இறங்கியது இராமேசுவரத்தில். ஒரு நூற்றாண்டுப் புகையிரதத்தின் பயனை அனுபவித்தவர் யார், விலை கொடுத்தவர் யார் என்பது அந்த இரண்டு மாதங்களில் விளங்கிவிடுகிறது.

இதனால் புகையிரதமே தீயது என்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டாம். 1853 இல் இந்தியப் புகையிரதம் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், முதலாளிகள் தம் இலாபத்துக்காகவே அதை அமைக்கின்றனர் என்றும், எனினும் அது நவீனத் தொழில்களுக்கு வழிகோலும் என்றும், அதன் பயனை மக்கள் நுகர்வதற்கு முன் அடிமைத்தளை அறுபடவேண்டும் என்றும் எடுத்துக்காட்டினார். இலங்கையிலும் அவ்விருமை தோன்றாமலில்லை. ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் கூடி வேலைசெய்த புகையிரதத் தொழிலாளர் 1912 இல் வேலைநிறுத்தம் செய்தனர். 1923 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்பு கண்ட பொது வேலைநிறுத்தத்திலும் அவர்கள் முன்னின்றனர். கோப்பிக்காக மூட்டிய அடுப்பு, தொழிலாளி வர்க்கத்தின் உணர்வையும் சேர்த்தே சூடேற்றியது.

மட்டக்களப்பு நகரிலிருந்து எம்மூருக்கு வருவோர் கல்லடிப் பாலத்தைக் கடந்தாகவேண்டும். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் அரசாங்கப் பெயர் 'லேடி மனிங் பாலம்'. அக்காலத் தேசாதிபதியின் மனைவியார் பெயர் அது. ஆயின் எம் மக்கள் என்றும் அதைக் கல்லடிப் பாலம் என்றே வழங்கினர். 2013 இல் அருகே எழுந்த புதிய பாலத்துக்கும் அவர்கள் நாவில் அதே பெயர்தான். இரும்பிலே பொறித்த பெயரைவிட நாவிலே வழங்கும் பெயர் சில வேளைகளில் நீடித்து நிற்கும். ஆனால் அது தானாக நிற்பதன்று. சொல்வோரும் கேட்போரும் இருக்கும்வரைதான் நிற்கும். கை பிரிந்த அந்த அம்மம்மாக்கள் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர்.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூறவிரும்புவது இதுவே. பொது அறிவுப் போட்டிகளை நிறுத்தவேண்டாம், வினாக்களைக் கூட்டுங்கள். முதல் வண்டி ஓடிய நாளைக் கேட்கும் வினாத்தாள், அது எதை ஏற்றி வரப் போடப்பட்டது என்றும் கேட்கட்டும். எஞ்சினின் பெயரைக் கேட்பது, ஒப்பாரிக் கோச்சியின் பெயர்க்காரணத்தையும் கேட்கட்டும். எம் பாடசாலைப் போட்டியில் இவ்வினாக்கள் இப்போது இடம்பெற்றுள்ளன. அம்மாணவியின் கேள்விக்கு நாம் அன்று அளித்த விடையையும் இங்கு கூறிவிடலாம்: அந்நாளில் பெரும்பாலும் டீசல் எஞ்சின்களே இழுத்தன. "அதற்கு என்ன பெயர், சேர்?" என்று அவள் விடாது கேட்டாள். எஞ்சினின் பெயரைத் தேடவேண்டாம் என்றும், அதிலேறிப் போன அம்மம்மாவின் தங்கையின் பெயரை வீட்டிற் கேட்டு எழுதி வரும்படியும் கூறினோம். மறுநாள் எழுதி வந்தாள். ஒரு பெயரையல்ல, பதினொரு பெயர்களை.