உப்பு ஏரிக்கரையில் ஒரு பட்டறை

டீட்வானாவில் முதலில் கண்ணில் படுவது உப்பு. ராஜஸ்தானில், ஜெய்ப்பூருக்கு வடமேற்கே, தார்ப் பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது இந்தச் சிற்றூர். ஊரை ஒட்டிக் கிடக்கும் ஏரியில் மழைக்குப் பிறகு கொஞ்ச காலம் தண்ணீர் நிற்கும். மற்ற நாட்களில் பாத்திகளும் கண் கூச வைக்கும் வெண்மையும்தான். சோடியம் சல்பேட் அதிகம் கலந்த உப்பு இது.

கோட்டை, மாளிகை தேடி ராஜஸ்தான் வருகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஊருக்கு அருகே சிங்கி தலாவ் என்ற இடத்துக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 'தலாவ்' என்றால் குளம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது மணல் மேடுகள், ஆங்காங்கே வன்னி மரங்கள், மண் வெட்டிய பள்ளங்கள். இந்தப் புழுதிக்கடியில்தான் ஆதிமனிதனின் பட்டறை ஒன்று புதைந்து கிடந்தது.

1980களின் தொடக்கத்தில் புனே டெக்கான் கல்லூரியின் வி.என். மிஸ்ரா, எஸ்.என். ராஜகுரு ஆகியோர், பிரெஞ்சு ஆய்வாளர் கிளேர் கயார் உள்ளிட்டோருடன் சேர்ந்து இங்கே அகழ்ந்தார்கள். களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த அடுக்குகளில் கைக்கோடரிகளும், அகன்ற வெட்டு முனை கொண்ட பிளப்பான்களும் வெளிப்பட்டன. கூடவே, கல்லைத் தட்டும்போது தெறித்து விழும் செதில்களும் கழிவுத் துண்டுகளும். தச்சன் வேலை செய்த இடத்தை மரச்சீவல் காட்டிக் கொடுப்பதுபோல, கருவி செய்த இடத்தை இந்தத் துண்டுகள் காட்டிக் கொடுக்கின்றன.

அந்த அடுக்குகள் ஆழமில்லாத ஒரு நீர்நிலையின் ஓரத்தில் படிந்தவை. ஏரி மண்ணில் கல் கிடைக்காது. குவார்ட்ஸைட் கல்லைக் குன்றுகளிலிருந்து சுமந்துதான் கொண்டு வந்திருக்க வேண்டும். கல்லைத் தேடிப் போய் அங்கேயே தங்கிவிடாமல், கல்லைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார்கள். காரணம் புரியாததல்ல. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மிருகங்கள் தாமாகவே வந்து சேரும்.

கிடைத்த பொருட்களில் ஆறு மட்டும் வேறு மாதிரி. விரல் நுனியளவே உள்ள படிகக் கற்கள். கருவி செய்ய உதவாத அளவுக்குச் சிறியவை. தட்டியோ உடைத்தோ வேலை செய்த தடயம் அவற்றில் இல்லை. இயற்கையாக அங்கே வந்து சேர வழியில்லை என்பதால், யாரோ பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார்கள் என்று மிஸ்ராவும் கயாரும் பிரான்செஸ்கோ தெரிக்கோவும் 1989இல் எழுதினார்கள். பளபளப்பைத் தவிர அவற்றால் வேறு பயன் இருந்ததாகத் தெரியவில்லை. பிழைப்புக்கு உதவாத ஒரு பொருளை அழகுக்காக வைத்துக்கொள்ளும் பழக்கம் நாம் நினைப்பதைவிட மிகப் பழையது என்பதற்கு இந்த ஆறு கற்கள் சாட்சி.

எவ்வளவு பழையது? சிங்கி தலாவ் பல லட்சம் ஆண்டு பழமையானது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஜேம்ஸ் பிளிங்கார்ன் தலைமையில் ஒரு குழு மீண்டும் அங்கே சென்று மண் மாதிரிகளை எடுத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஹேமா அச்யுதன் அதில் இடம்பெற்றவர். மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதைக் கணிக்கும் ஒளிர்வு முறையை அவர்கள் பயன்படுத்தினார்கள். 2021இல் வெளியான முடிவு: கைக்கோடரிக்காரர்கள் சுமார் 1,77,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே இருந்திருக்கிறார்கள். உலகில் இத்தகைய கருவிகள் கிடைத்த இடங்களிலேயே மிகப் பிந்தியவற்றில் இதுவும் ஒன்று.

இதன் முக்கியத்துவத்தை உணர, சென்னைக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே சாந்தி பப்பு குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பழைய கைக்கோடரி மரபு விலகி, புதிய நுட்பம் இடம்பிடித்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு லட்சம் ஆண்டுகள் தார் ஓரத்தில் பழைய பாணியே நீடித்திருக்கிறது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்குள் பரவத் தொடங்கிய காலத்தை அது நெருங்குகிறது. பழையவர்களும் புதியவர்களும் எங்காவது ஒரு நீர்க்கரையில் எதிரெதிரே நின்றிருக்கவும் கூடும்.

பாலைவனத்தில் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்பதற்கில்லை. பருவமழையை நம்பிய புல்வெளியாக இருந்தது அன்றைய தார். இந்த நிலம் பலமுறை வேடம் மாறியிருக்கிறது. டீட்வானா ஏரியே சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் ஆழமான நன்னீர் ஏரி என்று அதன் வண்டல் சொல்கிறது.

இவ்வளவையும் சொல்லும் மண்ணுக்கு விலையும் உண்டு. டீட்வானா வட்டாரத்தில் சுக்கான்கல்லுக்காகவும் சரளைக்காகவும் வெட்டிய பள்ளங்கள் பல. கற்கால அடுக்குகள் கண்ணில் படுவது இத்தகைய பள்ளங்களின் சுவர்களில்தான். அதே மண்வெட்டி அவற்றை இல்லாமலும் ஆக்கிவிடும். கூலிக்கு வெட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. கைக்கோடரியும் சாதாரணக் கல்லும் அவருக்கு ஒரே சுமைதான். வெட்டுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு இருந்தால் போதும். லாரியில் ஏறிவிட்ட அடுக்கை எந்த நவீன முறையாலும் காலம் கணிக்க முடியாது.