ஒன்பதாவது பங்காளி

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணாச்சி,

தாமிரபரணித் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே என்று போன கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தீர்கள். நானும் சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். அந்த ‘வீணாக’ என்ற சொல் மட்டும் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோ சதுப்புக்குப் போயிருந்தேன். நீர் வற்றும் நேரம். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றில் மூச்சுவேர்கள் விரல் விரலாக நிமிர்ந்து நின்றன. நடுவே உள்ளங்கை அகலக் குட்டையில், கண் மட்டும் கறுப்பாகத் தெரிய, கண்ணாடி போல இறால் குஞ்சுகள். 1980களில் இந்த இடத்தை வேளாண் பூங்காவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பறவை பார்க்கிறவர்கள் சிலர், என்னென்ன வருகிறது என்று எண்ணி எழுதி அரசிடம் கொடுத்தார்கள். 1989இல் திட்டம் மாறியது; சதுப்பு இயற்கைப் பூங்காவாகத் தப்பியது. அடி நிலமும் பொன் விலை விற்கிற ஊரில்!

எனக்குப் புன்னைக்காயல்தான் நினைவுக்கு வந்தது. நம் ஆறு கடல் சேரும் அந்தக் கழிமுகத்திலும் இதே அலையாத்தி, இதே சேறு. கொடுவாயும் மடவையும் இறாலும் குஞ்சாக வளர்வது அங்கேதான். ஆறு நன்னீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கடல் உப்பு உள்ளே ஏறாது. ஏறினால் முதலில் வாடுவது ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால். அப்பா அந்த வெற்றிலை தவிர வேறு தொடமாட்டார். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்துக்கும் வடிய வாய் வேண்டுமல்லவா?

1997இல் சூழலியல் பொருளியலாளர் ராபர்ட் கோஸ்டான்சாவும் கூட்டாளிகளும் இயற்கை செய்யும் வேலைக்கு விலை போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஹெக்டேர் வெப்பமண்டலக் காட்டுக்கு ஆண்டுக்கு 2,007 டாலர், கழிமுகத்துக்கு 22,832 டாலர். உலகச் சராசரியை அப்படியே தூக்கிப் புன்னைக்காயலில் வைக்க முடியாது. நம் ஊர்க் கணக்கை நாமே போட வேண்டும்.

தாமிரபரணியிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வரை வெள்ளநீர்க் கால்வாய் வெட்டியதை நான் குறை சொல்லவில்லை. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தாகம் நிஜம். ஆனால் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுக்கும் பங்கு வைத்த நாம், ஒன்பதாவது பங்காளியான கழிமுகத்தை மறந்துவிட்டோம்.

மார்ச் 22 தண்ணீர் நாளுக்குக் கிராம சபை கூடும். கொடிக்கால்காரர்களையும் வலைக்காரர்களையும் முன்கூட்டியே ஒருமுறை சேர்த்து உட்கார வையுங்கள். கிணற்றில் உப்பு ஏறினால் எத்தனை நட்டம், இறால் குஞ்சு அற்றுப்போனால் எத்தனை, அலையாத்தி போய்க் கரைக்குக் கல் கொட்ட வேண்டி வந்தால் எத்தனை என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். நீங்கள் குறித்து அனுப்பினால், மனுவாக எழுதித் தருவது என் பொறுப்பு.

உங்கள் தம்பி