கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு

எங்கள் நாய் செவலையின் நாக்கு வெந்துபோனதற்குக் குளவி காரணமில்லை. நான்தான் காரணம்.

போன ஆவணியில் நடந்தது. மணலியில் எங்கள் வீட்டு மோட்டார் அறை சன்ஷேடுக்கு அடியில் ஒரு குளவிக்கூடு இருந்தது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், பழைய காகிதத்தைக் குழைத்துக் கவிழ்த்தாற்போல் இருக்கும். செவலை மீன் தலை தின்று முடித்த தட்டில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. ஈயைப் பிடிக்கிற பழக்கத்தில் லபக்கென்று கவ்விவிட்டது. மறுகணம் அது போட்ட கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. மேலுதடு கண்ணெதிரே உப்பியது. “சுண்ணாம்பு வை தம்பி, சட்டுனு கேக்கும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் ஆயாவின் வெற்றிலைப் பெட்டி வீட்டில் இன்னும் இருக்கிறது. அம்மா வெற்றிலை போடுவார். டப்பாவிலிருந்து விரலால் வழித்து உதட்டில் அப்பினேன். அது நக்கியது. நான் மறுபடி அப்பினேன். அது மறுபடி நக்கியது.

மாலைக்குள் நாக்கின் நுனி வெளுத்துத் தோல் உரிந்தது. அன்றிரவு சோறு இறங்கவில்லை. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “உதட்டு வீக்கம் நாளைக்கே வடிஞ்சிடும். இந்தப் புண்ணு ஆறத்தான் நாளாகும். சுண்ணாம்பு வைக்கச் சொல்லி யாரு சொல்லிக்கொடுத்தாங்க?” என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆயா சொன்னதுதான். ஆயாவுக்கு யார் சொன்னது?

எனக்கு அதுவரை ஒரு பதில் தயாராக இருந்தது: பள்ளிக்கூடப் பதில். தேனீ கொட்டினால் அமிலம் இறங்குகிறது, அதன் மேல் சமையல் சோடா போன்ற காரத்தைத் தடவினால் வலி குறையும் என்று பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இருக்கிறது. சுண்ணாம்பும் காரம்தானே. ஆயா படிக்காமலே வேதியியல் தெரிந்தவர் என்று பல வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையைத்தான் முதலில் சோதித்தேன்.

முதல் அடியிலேயே இடறியது. தேனீ அமிலம், குளவி காரம், அதனால் தேனீக்குச் சோடா, குளவிக்கு வினிகர் என்று இன்னொரு பாடம் உலகம் முழுக்கப் புழங்குகிறது. அது சரியென்றால் குளவிக் கடிக்குச் சுண்ணாம்பு வைப்பது காரத்தின் மேல் காரம் கொட்டுகிற வேலை. ஆயா சரியா, வினிகர்க்காரர்கள் சரியா? அண்ணன் மகளிடம் லிட்மஸ் தாள் இருந்தது. மோட்டார் அறை வாசலில் செத்துக் கிடந்த இரண்டு குளவிகளை இடுக்கியால் எடுத்து, வயிற்று நுனியை ஈரமான நீலத் தாளில் ஒன்றும் சிவப்புத் தாளில் ஒன்றுமாக நசுக்கினேன். மஞ்சளாக ஒரு கறை பரவியது. நீலம் நீலமாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நசுங்கியது நஞ்சுப்பை மட்டுமில்லை, குடலும் சேர்ந்துதான் என்பது தெரியும். ஆனாலும் இரண்டு தாளையும் ஜன்னல் கட்டையில் வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு பக்கத்தில் டப்பாச் சுண்ணாம்பை ஒரு துளி சிவப்புத் தாளில் வைத்தேன். தொட்ட மாத்திரத்தில் கருநீலமாகியது. அதைத்தான் செவலையின் நாக்கில் வைத்திருந்தேன்.

அடுத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டேன். அது 1903இல் தொடங்கியது. வடசென்னையில் ஆடு, மாடு, நாய் வளர்த்தவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அங்கே பாடம் நடத்தும் ஒருவர் என் லிட்மஸ் கதையைப் பொறுமையாகக் கேட்டார். அமிலம் என்ற பேச்சே எறும்பிலிருந்து வந்தது என்றார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ரே எறும்புகளை வாலை வடித்து ஓர் அமிலம் எடுத்தார். எறும்பின் லத்தீன் பெயரான ஃபார்மிகாவிலிருந்து அதற்கு ஃபார்மிக் அமிலம் என்று பெயர் வந்தது. எறும்புக்குச் சொன்னதைப் பின்னால் கொட்டுகிற எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டார்கள். குளவி நஞ்சு ஏறக்குறைய நடுநிலையானது. அதில் எரிச்சலைக் கிளப்புவது புரதத் துணுக்குகள். வலியைத் தூண்டும் கைனின் என்ற பொருள் குளவி நஞ்சில் இருப்பதை 1954இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கொடுக்கு அந்த நஞ்சைத் தோலுக்கு அடியில் இறக்குகிறது. மேலே எதைத் தடவினாலும் அது அங்கே போய் அதைச் சமன் செய்யாது. சோடாவும் வினிகரும் சுண்ணாம்பும் இதில் ஒன்றுதான்.

ஆக, ஆயாவுக்கு வேதியியல் தெரிந்திருந்தது என்பது நான் கட்டிய கதை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பாடப்புத்தகம் இல்லையென்றால் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? அப்போதுதான் எங்கள் குடும்பத்தில் பாதி மறந்துபோன ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது: ஆயா கல்யாணத்துக்கு முன்னால் சூளையில் வேலை பார்த்தவர்.

சுண்ணாம்புச் சூளை. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகத்தான் படகில் பட்டணத்துக்கு வந்தது. கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் கொண்டுவருவார்கள். அதைச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றினால் சுண்ணாம்பு. 1965–66லும் 1976லும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. இன்று மணலிக்குக் கிழக்கே அது கருத்துக் கிடக்கிறது. ஆயாவோடு கூடை சுமந்தவர் ஒருவர் சடையங்குப்பத்தில் இருப்பதாக அம்மா சொன்னார். எண்பதைத் தாண்டியவர். அவரையும் ஆயா என்றே கூப்பிட்டேன்.

நான்கு முறை போனேன். முதல் முறை, “கொட்டுனா சுண்ணாம்பு. இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?” என்பதோடு சரி. இரண்டாம் முறை என் கேள்வியை விட்டுவிட்டு, எங்கள் ஆயா எந்த வருடம் செத்தார், கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று ஒரு மணிநேரம் விசாரித்தார். மூன்றாம் முறை நான் விடவில்லை.

“சுண்ணாம்பு வைக்கச் சொல்லி யாரு ஆயா சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரு சொல்லித் தரணும் கண்ணு? சூளையில எந்நேரமும் கையில சுண்ணாம்பு. கொட்டுச்சி, வெச்சோம். கைல மண்ணு இருந்தா மண்ணு வெச்சிருப்போம்.”

ஏமாற்றமாக இருந்தது. சித்தர் பாட்டோ வைத்தியர் ரகசியமோ கிடைக்கும் என்று போனவனுக்கு ‘கையில் இருந்தது’ என்ற பதில் போதவில்லை. நான்காம் முறை போகும்போது செவலையைக் கூட்டிப்போனேன். புண் ஆறிவிட்டது, நாக்கு நுனியில் மட்டும் ஒரு வழுவழுப்பான வெளிர்த் தழும்பு. ஆயா அதன் வாயைப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

“வாயிலயா வெச்ச? வாயில்லா ஜீவன் வாயில சுண்ணாம்பு வெப்பாங்களா? உங்க ஆயா இதையா உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

பிறகு அவராகவே கொட்டினார். மனுசனுக்கே கண்ணோரம், உதட்டோரம் வைக்கமாட்டார்களாம். நீற்றும்போது தெறித்து ஒருவனுக்குக் கண் போயிருக்கிறது. வண்டிமாட்டைக் குளவி கொட்டினால் சுண்ணாம்பு கிட்டவே கொண்டுபோக மாட்டார்கள். “நக்கிக்கும்னு தெரியாதா? மாட்டுக்குச் சேறுதான். கால்வா ஓரம் ஜில்லுனு இருக்கும், அள்ளி அப்பிட்டு நெழல்ல கட்டிடுவோம்.”

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பாதி வைத்தியம். சுண்ணாம்பு வந்தது, ‘வாயில் வைக்காதே’ வரவில்லை. எங்கள் ஆயா சொல்லாமல் விட்டாரா, நாங்கள் கேட்காமல் விட்டோமா? சூளையில் வேலை செய்தவருக்கு அதைத் தனியாகச் சொல்லத் தோன்றியிருக்காது. ஆனாலும் மாட்டு வைத்தியம் கிடைத்ததில் திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். சேற்றில் வேலை செய்தது குளிர்ச்சி. வேப்பேரிக்காரர் சொன்னதும் அதுதான்: பச்சைத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். இன்றைய கால்வாய்ச் சேற்றை மட்டும் எந்த உயிரின் மேலும் பூசாதீர்கள்.

அவர் சொன்ன மற்றதையும் நாய், பூனை வளர்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உதட்டு வீக்கம் பெரும்பாலும் தானே வடியும். நாக்கிலோ தொண்டையிலோ கொட்டியிருந்தாலும், நிறைய கொட்டு விழுந்திருந்தாலும், கொட்டிய சற்று நேரத்தில் வாந்தி, பேதி, தள்ளாட்டம், ஈறு வெளுப்பு, மூச்சிரைப்பு என எது தெரிந்தாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாயின் உடம்பில் ஒவ்வாமை பெரும்பாலும் வயிற்றில்தான் முதலில் தெரியும். வாந்தியை அஜீரணம் என்று விட்டுவிடுவார்கள். நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள், பூனைக்குப் பாராசிட்டமால் உயிரையே எடுக்கும். கூட்டுக்கு அடிக்கும் பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்தும் பூனைக்கு ஆகாது; இந்த வகை மருந்துகள் மீன் தொட்டியையும் காலி செய்துவிடும். மருந்தடித்த கூட்டிலிருந்து விழும் புழுக்களை நாய் பொறுக்கித் தின்னும், அதையும் பார்க்க வேண்டும்.

சுவர் மூலையில் மண்ணால் கட்டுகிற தனிக் குளவியை நான் கலைப்பதில்லை. அது தன் குஞ்சுக்காகச் சிலந்தியும் புழுவும் பிடிக்க அலைகிறதே தவிர, நம்மைத் தேடி வருவதில்லை. எங்கள் ஆயா அந்தக் கூட்டை உடைக்கவிடமாட்டார், வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார். கதண்டு என்ற பெருங்குளவியின் கூடு என்றால் கதையே வேறு. கல்லெறியாமல், பந்தம் கொளுத்தாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மோட்டார் அறைக் கூட்டை அப்படியே விட்டோம். செவலையின் தட்டை வீட்டுக்குள் மாற்றி, தின்றதும் கழுவி வைத்தோம். மீன் வாடை போனதும் குளவி தரைக்கு இறங்குவது நின்றது. மார்கழியில் கூடு காலியானது, தட்டி எடுத்துவிட்டேன்.

பழவேற்காட்டிலிருந்து பட்டணம் வரை கால்வாயோரச் சூளைகளில் வேலை பார்த்த ஆயாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், மனுசனுக்கு என்ன வைத்தார்கள் என்பதோடு மாட்டுக்கு என்ன வைத்தார்கள் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். சடையங்குப்பத்து ஆயாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை.