புதன்கிழமைக்கு ஆள் வேண்டும்

ஞாயிறு, இரவு 10 மணி

இன்று முழுக்க வடசென்னையில், தெருவில் இருந்து மீட்கப்பட்ட ஆண் பிள்ளைகள் தங்கும் ஓர் இல்லத்தில் இருந்தேன். பிள்ளைகள் யார் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அவர்களுடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்.

காலையில் உள்ளே போனதுமே கைபேசியை வாங்கி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றை முன்பே கொடுத்திருந்தேன். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது, டீக்கடை வரை கூடக் கூட்டிப் போகக் கூடாது என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. கேட்பார் இல்லாத பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடி வருகிற கெட்டவர்களும் உண்டு.

எனக்குக் கிடைத்த முதல் வேலை துணி துவைப்பது. ஒரு பையனுக்குச் சிரங்கு வந்திருந்தது. ஒருவனுக்கு வந்தால் எல்லோருக்கும் பரவும் என்பதால் எல்லாப் போர்வையையும் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். சமையல்கார அக்கா அண்டாவில் தண்ணீர் காயவைத்தார். நான் பாய் பாயாகப் போய்ப் போர்வையையும் தலையணை உறையையும் உருவினேன். பாதித் தலையணைகளுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. வாசலில் செருப்பு வைக்க நல்ல பலகை இருக்கிறதே என்று வார்டன் அண்ணனிடம் கேட்டேன்.

“பிளாட்பாரத்துல படுத்தா முதல்ல காணாம போறது செருப்புதாம்மா. தலைக்கு அடியில வெச்சாத்தான் தூக்கம் வரும். வந்து ஒரு வருஷம் ஆன பையனும் இன்னும் வெச்சிருக்கான். எடுன்னு நாங்க சொல்றதில்ல.”

எடுத்த செருப்பையெல்லாம் துடைத்து, எது யாருடையதோ அந்தந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

11 மணிக்கு மேல் படிப்பு. என்னிடம் வந்தவனுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. ரயிலில் பாட்டில் பொறுக்கியவன். கிலோ பதினெட்டு ரூபாய் என்றால் ஏழு கிலோவுக்கு எவ்வளவு என்றேன். நான் வாயை மூடுவதற்குள் “நூத்தி இருபத்தாறு” என்றான். கடைக்காரர் தராசிலும் ஏமாற்றுவார், கணக்கிலும் ஏமாற்றுவார், அதனால் எல்லாம் மனக்கணக்குதானாம். சரி என்று அதையே திருப்பி நோட்டில் 126 ÷ 7 என்று எழுதிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

“நடுவுல இருக்கறது இன்னா மிஸ்? ரெண்டு புள்ளி, ஒரு கோடு?”

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கே போகாத பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. சரியான சட்டம்தான், பதின்மூன்று வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் மறுநாளே ஓடிவிடுவான். மற்றவர்களுக்கு ஈடாக வர அவனுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பயிற்சிக்கு அவன் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும், வாரா வாரம், அதே ஆள். வகுத்தல் குறியை இன்று சொல்லிக் கொடுத்தேன், புரிந்துகொண்டான். மீதி வரும் கணக்குக்குப் போவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

மதியம் ஒரு குடும்பம் மகளின் பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலமும் கேக்கும் கொண்டுவந்தது. நல்ல மனிதர்கள், தாங்களே பரிமாறினார்கள். குழுவாக ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். வார்டன் அண்ணன் மரியாதையாக மறுத்தார். அவர்கள் போன பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கும் இன்னொரு வீட்டார் வருகிறார்கள் என்றார். “ஞாயித்துக்கிழமைக்கு ஆள் இருக்காங்கம்மா. புதன்கிழமைக்குத்தான் ஆள் இல்ல.” இன்று கேட்டதிலேயே மனதில் நின்ற பேச்சு இதுதான்.

கூடத்துச் சுவரில் பத்திரிகையில் இருந்து வெட்டி ஒட்டிய படம் ஒன்று. 2019 மே மாதம் லண்டனில் நடந்த தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையில், தென்னிந்திய அணி லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து அணியை இறுதிப் போட்டியில் வென்ற செய்தி. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய அந்த அணியில் சென்னைத் தெருவோரப் பிள்ளைகள் இருந்தார்கள். பையன்கள் அந்தப் படத்தை ஆளுக்கு ஆள் எனக்குக் காட்டினார்கள். யாரோ சில பெரியவர்கள் விடாமல் வந்து பயிற்சி கொடுக்காமல் அது நடந்திருக்காது.

மாலை நான்கு மணிக்கு ஒரு பையனின் அம்மா பார்க்க வந்தார். வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் குடியிருப்பவர், பூ விற்பவர். தெருப் பிள்ளை என்றாலே நாதியற்ற பிள்ளை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடைபாதையிலேயே குடும்பத்தோடு வாழும் பிள்ளைகள் உண்டு. பகலெல்லாம் தெருவில் இருந்துவிட்டு இரவில் குடிசைக்குத் திரும்பும் பிள்ளைகளும் உண்டு. “ராத்திரி ரோட்டுல எங்க வெச்சிக்கிறது? இங்கன்னா படிப்பான்” என்றார் அந்த அம்மா. பொரி உருண்டையைப் பிரித்து மகன் தின்று முடிக்கும்வரை அவன் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். மகனைப் பிரிந்து இருக்கிற வலி அவருக்கு. அவரைப் போய்ப் பொறுப்பற்றவர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஏழு மணிக்கு சென்ட்ரல் நிலைய உதவி மையத்தில் இருந்து ஒரு சிறுவனைக் கூட்டிவந்தார்கள். பத்து வயது இருக்கும், தெலுங்கு பேசினான். ஒரு பெயர் சொன்னான். வார்டன் அண்ணன் அதையே பதிவேட்டில் எழுதிக்கொண்டார். “பொய்ப் பேராத்தான் இருக்கும். இன்னிக்குத் துருவக் கூடாது. ரெண்டு மூணு நாள்ல அவனே சொல்லுவான்.” இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் அவனை நிறுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதா, இங்கே வைத்திருப்பதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஓடிவந்த வீட்டில் அடி காத்திருந்தால் அவசரமாக அனுப்புவது கொடுமை. விசாரிக்கத் தெரிந்தவர்கள் விசாரிக்கட்டும். நெல்லூர்ப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பையன் தன் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் பேசத் தொடங்கினான். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினான் புதியவன்.

அவனை ரயில் நிலையத்தில் பார்த்த ஒரு பயணி குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்திருக்கிறார். 1996இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய சேவை அது. ரயில் நிலையத்துப் பிள்ளைகள் ஆபத்து நேரத்தில் தன்னைக் கூப்பிடட்டும் என்று அவர் தன் எண்ணைக் கொடுத்ததில் இருந்து வளர்ந்தது. இப்போது அரசே நடத்துகிறது. கட்டணம் இல்லாத எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

கிளம்பும்போது புதன் மாலைகளுக்கு என் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன். அந்தப் பக்கத்தில் செவ்வாயும் வியாழனும் காலியாக இருக்கின்றன. தமிழ் எழுத்தும் வகுத்தல் கணக்கும் தெரிந்தால் போதும். உங்கள் ஊர் இல்லத்திலும் இப்படி ஒரு காலிப் பக்கம் இருக்கும். பிறந்தநாள் சாப்பாட்டோடு, வாரத்தில் ஒரு மாலையையும் கொடுங்கள்.