யாருக்காகப் பதில் எழுதுகிறீர்கள்?

பத்திரிகையில் ஒரு கட்டுரையைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது என்றால், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நம் ஊரைப் பற்றி ஊரே தெரியாத ஒருவர் எழுதும்போது கோபம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து எழுதும் பதிலை யார் படிக்கப் போகிறார் என்று நீங்கள் யோசிப்பதில்லை. அதைத்தான் உங்களிடம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அரூர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை என்னிடம் காட்டுவதுண்டு. முக்கால்வாசியும் கட்டுரை எழுதியவரைப் பார்த்தே பேசுகிறது. ‘ஏசி அறையில் உட்கார்ந்து எழுதும் உங்களுக்கு எங்கள் கஷ்டம் எப்படித் தெரியும்?’ என்று தொடங்கி, அவருடைய சாதி, கட்சி வரைக்கும் போய்விடுகிறது. அதைப் படித்து அவர் மனம் மாறப் போவதில்லை. நம்மோடு ஒத்துப்போகிறவர்களுக்கோ அந்தக் கடிதமே தேவையில்லை. மிச்சம் இருப்பவர், மரவள்ளி விலை பார்க்கப் பேப்பரை எடுத்துவிட்டு டீ ஆறுவதற்குள் நடுப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கிறவர். இந்த விஷயத்தில் அவர் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. நீங்கள் பதில் எழுத வேண்டியது அவருக்குத்தான். வசவைப் பார்த்ததும் அவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார், கண்ணுகளா.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாளிதழில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் புகழ்ந்து ஒரு கட்டுரை வந்தது. பூமிக்கடியில் இருந்து வருவதுதான் சுத்தமான தண்ணீர், கிராமத்துக்காரர்கள் ஏன் குழாய்த் தண்ணீர் கேட்டுப் போராடுகிறார்கள் என்பது அதன் சாரம். தர்மபுரி மாவட்டத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியும். இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல் பழுப்பேறிப் போன பிள்ளைகளும், நாற்பது வயதிலேயே முட்டி மடங்காதவர்களும் நம் கண்ணெதிரே இருந்தார்கள். அந்தக் கட்டுரைக்கு நம் பக்கத்திலிருந்து போன கடிதங்களில் இரண்டை நான் படித்தேன். நன்கு படித்த ஒருவர் எழுதியது முழுக்க முழுக்க ஆத்திரம். இன்னொன்றை எழுதியவர் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. போர்த் தண்ணீரில் கிருமி குறைவாக இருக்கலாம், அதுவரை கட்டுரை சொல்வது சரிதான் என்று தொடங்கியிருந்தார். அடுத்த வரியிலேயே, ஃபுளூரைடைக் காய்ச்சி விரட்ட முடியாது, காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டி அதன் அளவு கூடத்தான் செய்யும் என்றார். பிறகு தன் பள்ளிக்கு எந்தப் பம்பிலிருந்து தண்ணீர் வருகிறது, பரிசோதனைச் சீட்டில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கும்போது ஏன் கையால் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று எழுதி, கடைசியில் பெயரும் பள்ளி முகவரியும் போட்டிருந்தார். அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட இல்லை.

நிருபர் தேடி வந்தது அந்தப் பள்ளிக்குத்தான். வந்தவர் பார்ப்பதற்கு அங்கே பம்பு இருந்தது, சீட்டு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது ஒரு கடிதத்தால் அல்ல. பத்திருபது வருடம் பலர் விடாமல் கேட்டதால் வந்தது. அப்படிக் கேட்டவர்களில் அந்த அம்மாவும் ஒருவர்.

இதைவிடப் பெரிய பதில் ஒன்று நம் தாலுகாவிலிருந்தே போயிருக்கிறது. உங்கள் வயதில் பலருக்கு அதன் பெயர் மட்டும்தான் தெரிகிறது என்பது எனக்கு வருத்தம். 1992 ஜூன் 20ஆம் தேதி, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தன. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்றார்கள். ஊரை அடித்து நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். வெளியே என்ன பேசினார்கள் தெரியுமா? அது கடத்தல்காரர்கள் ஊர், அதிகாரிகள் கடமையைச் செய்தார்கள் என்றார்கள். கையெழுத்துகூடப் போடத் தெரியாதவர்கள் பலர் இருந்த ஒரு மலைவாழ் ஊர், அரசாங்கம் சொன்ன அந்தக் கதைக்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊருக்குள் போய் விவரம் திரட்டினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார், பிறகு நீதிமன்றத்துக்குப் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவானது. ஆனால் இத்தனைக்கும் அடியில் இருந்தது அந்தப் பெண்கள் சொன்ன விவரம். ஆலமரத்தடியில் எல்லோரையும் கூட்டியது, அங்கிருந்து தங்களை மட்டும் ஏரிப்பக்கம் கொண்டுபோனது, இரவு அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைத்தது என்று இடமும் பொழுதும் மாறாமல் சொன்னார்கள். அடையாள அணிவகுப்பில் நேருக்கு நேர் நின்று ஆட்களைக் காட்டினார்கள். சும்மா ‘எங்களுக்கு அநியாயம் நடந்தது’ என்று மட்டும் சொல்லியிருந்தால், இல்லை என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டுப் போயிருப்பார்கள். மரத்தையும் ஏரியையும் எப்படி மறுப்பது?

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று சொன்னது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்தது. அதற்கு முன், மார்ச் மாதத்தில் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே வந்து அந்த இடங்களைப் பார்த்தார். முப்பது வருடம் கழித்தும் வந்து பார்க்கும்படி இருந்தது அவர்கள் சொன்ன விவரம். பத்திரிகைக்குப் போடும் ஒரு கடிதத்தை அந்தப் பெண்கள் பட்டதோடு சேர்த்துப் பேச எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் நம்மைவிடப் பெரிய இடத்திலிருந்து வரும் பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொள்ள இந்த வட்டாரத்தில் அவர்களைவிட்டால் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எழுதிய கடிதத்தை சட்டம் படிப்பவர்கள் அறிந்திருப்பீர்கள். சிறைக் கொடுமை பற்றிப் பொதுவாகப் புலம்பவில்லை அவர். வார்டர் ஒருவர் இன்னொரு கைதியைச் சித்திரவதை செய்ததைச் சொன்னார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979 டிசம்பரில் தீர்ப்பு எழுதினார். பத்திரிகைக்குப் போகும் கடிதத்துக்கும் இதுதான் பொருந்தும். வாசகர் குறையை விசாரிக்கவென்றே ‘தி இந்து’ 2006இல் ஒருவரை நியமித்தது. அப்படி ஒருவர் இருந்தாலும், எந்தத் தேதி, எந்த வரி தவறு என்று சொன்னால்தானே அவர் எடுத்துப் பார்த்துத் திருத்தம் போட முடியும்? ‘உங்கள் பேப்பரே ஒருதலைப்பட்சம்’ என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கட்டுரையை முழுசாகப் படிக்காமல் தலைப்புக்குப் பதில் எழுதுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீளம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆசிரியர் எப்படியும் வெட்டுவார். எதை வெட்டினாலும் நிற்க வேண்டிய வரியை முதலில் வையுங்கள். கட்டுரையில் ஒன்பது தப்பு இருந்தாலும், உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுங்கள். மற்ற எட்டைத் தெரிந்தவர்கள் எழுதட்டும். பெயரைப் போட்டால் ஆபத்து என்கிற விஷயமும் உண்டு. அப்போது ஆசிரியருக்கு மட்டும் பெயரைச் சொல்லி, வெளியிட வேண்டாம் என்று கேளுங்கள். தப்பில்லை.

சித்தேரி மலையிலிருந்து கல்லூரிக்கு இறங்கி வரும் ஒரு பெண் போன வாரம் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் அக்கறையில்லாமல் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று வந்த கட்டுரைக்குப் பதில். முதல் பத்தி முழுக்க ‘அக்கறை’யைப் பற்றிய வாதம். இரண்டாம் பத்தியில் பஸ்ஸைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்த வரியை மேலே கொண்டுவா பாப்பா என்றேன். காலையில் எத்தனை மணி பஸ், அதைவிட்டால் அடுத்தது எப்போது, மழைக்காலத்தில் எது வராமல் போகும், எது தவறினால் முதல் வகுப்பு போய்விடும் என்று கேட்கக் கேட்க அவளே சொன்னாள். சாயங்காலக் கடைசி பஸ்ஸின் நேரம் மட்டும் அவளுக்கு நிச்சயமில்லை. டெப்போவில் விசாரித்து எழுதுகிறேன் என்று போயிருக்கிறாள்.