குடகுத் தோட்டத்தில் சின்னத் துப்பாக்கி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

காட்டுப்பன்றி பற்றிய கேள்வி இல்லாமல் நமது கேள்வி-பதில் பகுதி வெளிவந்ததாக நினைவில்லை. கடலை, மரவள்ளி, மக்காச்சோளம், வாழை என்று பயிர்தான் மாறுகிறது. கடைசி வரி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். ‘எடை குறைந்த சின்னத் துப்பாக்கி ஏதாவது வாங்கி வைத்துக்கொண்டால் தேவலையா? பாயின்ட் 22 ரைபிள் போதுமா?’

இதற்குப் பதில் எழுதுவதைவிட, வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கும் ஊரை நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது என்று தோன்றியது. அப்படி ஓர் ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காவிரி பிறக்கும் குடகு. செப்டம்பர் முதல் வாரத்தில், தாளவாடிப் பக்கம் வெள்ளாமை செய்யும் விவசாயிகள் இருவரையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினோம்.

திம்பம் தாண்டி...

சத்தியமங்கலத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சாம்ராஜ்நகர், மைசூரு, உன்சூர் வழியாகப் போனால் சாயங்காலத்துக்குள் கோணிகொப்பலைப் பிடித்துவிடலாம். உன்சூர் தாண்டியதும் நாகரஹொளே காட்டின் ஓரமாகவே சாலை போகிறது. திதிமதி அருகே பழைய ரயில் தண்டவாளங்களை நட்டு, குறுக்கேயும் தண்டவாளம் வைத்து வேலி அடித்திருந்தார்கள். “இது என்னங்க, ரயிலே இல்லாத ஊர்ல தண்டவாளம்?” என்று தாளவாடி நண்பர் கேட்டார். யானையைத் தடுக்கத்தான். துப்பாக்கி ஊருக்குள் நுழையும்போது நாங்கள் முதலில் பார்த்தது வேலியைத்தான்.

அதைத் தாண்டினால் நிழல் மரங்களின் அடியில் காபி, மரத்தில் ஏறிய மிளகு, பள்ளத்தில் நெல் வயல். நாங்கள் தங்கிய தோட்டத்தின் சொந்தக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பீல்டு மார்ஷல் கரியப்பாவும் ஜெனரல் திம்மையாவும் பிறந்த மண்ணில் இது அதிசயமில்லை. தோட்டத்தில் வேலை செய்பவர்களோடு பேசிப் பேசி அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

நடவு முடிந்த பிறகுதான் ஆயுதம்

நாங்கள் போனது ‘கைல் பொள்து’ சமயம். கொடவ மொழியில் ‘கைல்’ என்றால் ஆயுதம். நம் ஆயுத பூஜையைப் போன்றதுதான். ஆனால், இதன் கணக்கு முழுக்க வயலோடு சேர்ந்தது. மழைக்காலத்தில் நெல் வேலை தொடங்கும்போது துப்பாக்கியையும் கத்தியையும் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள். உழவும் நடவும் முடிகிறவரை அவற்றுக்கு ஓய்வு. நடவு முடிந்து கையும் காலும் சேறு இல்லாமல் ஆன பிறகு, துடைத்து, பொட்டு வைத்து, விளக்கின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே எடுக்கிறார்கள். இனிமேல்தான் பயிருக்குக் காவல் வேண்டும் என்பது அதன் பொருள்.

துப்பாக்கிக்குச் சூட்டும் பூவைப் பார்த்ததும் எங்களுக்கு ஆச்சரியம். செங்காந்தள்! மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறோமே, அதே கண்வலிக் கிழங்குப் பூ. இங்கே அதன் பெயர் ‘தோக் பூ’. தோக் என்றால் துப்பாக்கி.

அறுவடைக்கும் துப்பாக்கி உண்டு. கார்த்திகை, மார்கழி வாக்கில் வரும் ‘புத்தரி’ அன்று, வானத்தை நோக்கி ஒரு வெடி போட்ட பிறகே முதல் கதிரை அறுக்கிறார்கள். ‘பொலி பொலி’ என்று கூவிக்கொண்டே கதிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நம் களத்துமேட்டில் கேட்ட அதே சொல். பிள்ளை பிறந்தாலும் வெடிச் சத்தம், பெரியவர் இறந்தாலும் வெடிச் சத்தம் என்பது இவர்கள் வழக்கம்.

இந்த உரிமை 1861-ல் ஆங்கில அரசு கொடுத்தது. கொடவர்களுக்கும், படைப் பணிக்காக மானியமாகத் தரப்பட்ட ‘ஜம்மா’ நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் வாங்குவதிலிருந்து விலக்கு. மத்திய அரசு 2019 அக்டோபரில் இதை 2029 வரை நீட்டித்தது. விலக்கு என்றால் கேட்பார் இல்லை என்று பொருளல்ல. மாவட்ட நிர்வாகத்திடம் விலக்குச் சான்று வாங்கியிருக்க வேண்டும். நமக்கு இந்த விலக்கு கிடையாது.

அலமாரியில் இரண்டு

தோட்டக்காரர் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். ஒன்று, 12 போர் இரட்டைக்குழல். மற்றது, பாயின்ட் 22 ரைபிள். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் இல்லை.

பாயின்ட் 22-ஐ வாங்கிப் பார்த்தோம். இரண்டரை, மூன்று கிலோதான் இருக்கும். குழலின் உள்வாய் சுமார் 5.6 மில்லிமீட்டர். பென்சிலைவிடச் சின்னது. குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம். 50 தோட்டா கொண்ட பெட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். 200 கிராம்கூட வராது. 12 போர் தோட்டா 25 எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். பாயின்ட் 22 சுடும்போது தோளில் உதை கிடையாது என்றே சொல்லலாம். சத்தமும் குறைவு. அதனால்தான் இங்கே வீட்டுப் பெண்களும் இளவட்டங்களும் முதலில் பழகுவது இதில்தான். விழா நாளில் உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி நடக்கும். அதில் 12 போருக்குத் தனிப் பிரிவு, பாயின்ட் 22-க்குத் தனிப் பிரிவு.

“எடை குறைஞ்ச துப்பாக்கின்னா என்ன பார்த்து வாங்கணும்?” என்று கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“முதல்ல, பின்கட்டை உங்க கைக்குச் சரியா இருக்கான்னு பாருங்க. தோளில் வெச்சா கழுத்தை நீட்டாம, வளைக்காம குறி தெரியணும். எடை ரொம்பக் குறைஞ்சாலும் குழல் ஆடும், குறி நிக்காது. ரெண்டாவது, போல்ட் இழுத்துச் சுடுற மாடலா வாங்குங்க. போல்ட் திறந்திருந்தா உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம். பக்கத்தில் நிக்கிறவருக்கும் அது தெரியும். மூணாவது, தோட்டா உங்க ஊர்ல கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க. நாலாவது, பூட்டி வைக்க இடம் இருக்கா? இல்லைன்னா வாங்கவே வேண்டாம்.”

இந்தச் சின்னத் துப்பாக்கியின் பெருமை வெளிநாட்டில் வேறு விதம். விமானம் பழுதாகிக் காட்டில் சிக்கும் விமானிகளுக்காக, 1950-களில் அமெரிக்காவின் ஆர்மலைட் நிறுவனம் கழற்றி மடக்கும் ரைபிள் ஒன்றைச் செய்தது. அதே யோசனையில் பொதுமக்களுக்காக வந்த ஏ.ஆர்.-7 என்ற பாயின்ட் 22 ரைபிள் ஒன்றேகால் கிலோ அளவுதான். குழலைக் கழற்றிப் பின்கட்டைக்குள்ளேயே வைத்துவிடலாம். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். முயலையும் பறவையையும் அடித்து, உதவி வருகிறவரை உயிர் பிழைப்பதற்கு அது. ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலத்தை அழிக்கும் முயலுக்கும் பாயின்ட் 22 தான். சின்ன உருவத்துக்குச் சின்னக் குண்டு. நம் பிரச்னை முயல் அல்ல.

பன்றிக்கு ஏன் ஆகாது?

தாளவாடி நண்பர் நேரடியாகவே கேட்டார்: “பன்னிக்கு இது போதாதுங்களா?”

தோட்டக்காரர் தலையாட்டினார். “வளர்ந்த பன்றி 80, 100 கிலோ வரும். ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில கேடயம் மாதிரி தோல் தடிச்சுக் கிடக்கும். இந்தக் குண்டு அதைக் காயப்படுத்தும், சாய்க்காது. காயம்பட்ட பன்றி காபிச் செடிக்குள்ள போய்ப் படுத்துக்கும். மறுநாள் காலையில பழம் பறிக்கப் போற பொம்பளை மேல பாயும். நீங்க சுட்டதுக்கு அவங்க காலைக் கொடுக்கணுமா?”

கணக்கும் அவர் பக்கம்தான். 12 போர் தோட்டாவின் வேகத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால், அதன் தாக்கும் சக்தி பாயின்ட் 22-ஐவிடப் பத்து மடங்குக்கு மேல்.

சக்திதான் குறைவு; போகும் தூரம் குறைவில்லை. இதைத்தான் நம்மவர்கள் பலரும் கவனிப்பதில்லை. 12 போரில் இருந்து சிதறும் சிறிய ஈயக் குண்டுகள் இருநூறு, முந்நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். பாயின்ட் 22-ன் ஒற்றைக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரைகூடப் போகும். கல்லிலோ, காய்ந்த மண்ணிலோ, தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் தெறித்துத் திசை மாறும். சோளக்காட்டில் அசைவதைப் பார்த்துச் சுட்டால், அந்தக் காட்டுக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருப்பவர் இருக்கலாம். ‘மேலே பார்த்துச் சுட்டு விரட்டுகிறேன்’ என்பதும் ரைபிளுக்கு ஆகாது. மேலே போன குண்டு எங்கேயோ ஒரு கூரைமேல் இறங்கத்தான் வேண்டும். விரட்டுவதற்கு வேண்டியது சத்தம். அதுவும் இதில் குறைவு.

இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், பயிர்க் காவலுக்கு இந்தத் துப்பாக்கியால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கையில் லேசாக இருக்கிறது, உதைக்காது, சத்தமில்லை என்பதாலேயே அலட்சியமாகக் கையாளப்படும் துப்பாக்கியும் இதுதான்.

துப்பாக்கி ஊரில் காவல் எப்படி?

மறுநாள் தோட்டத்தைச் சுற்றினோம். பள்ளத்து வயல்களில் பாதி தரிசு. “யானைக்குப் பயந்து நெல்லை விட்டுட்டோம். ஆளும் கிடைக்கல” என்றார். மேட்டில் பலா மரங்கள் நிறைய. பழுக்கும் வாசனைக்கு யானை வரும் என்பதால் பிஞ்சிலேயே காயை இறக்கிவிடுகிறார்கள். சுற்றிலும் சோலார் வேலி. கம்பியில் செடி உரசி மின்சாரம் இறங்காமல் இருக்க, வாரம் ஒருமுறை அடியைச் சுத்தம் செய்ய ஆள் வைத்திருக்கிறார். காட்டை ஒட்டிய பக்கம் அகழி. இரவில் யானை இறங்கினால் வனத்துறைக்குத் தகவல், வேலையாட்களுக்கு செல்போனில் எச்சரிக்கை.

“அலமாரியில ரெண்டு துப்பாக்கி வெச்சிருக்கீங்க, ஒரு பன்னியையாவது...” என்று நண்பர் இழுத்தார்.

“வேட்டையை எங்க தாத்தா காலத்தோட விட்டாச்சு. இன்னைக்குச் சுட்டா ஜெயில். எங்க விருந்துல பன்றிக் கறி உண்டு. அது பண்ணையில வளர்த்த பன்றி” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி உள்ள ஊரே பயிரைக் காக்க வேலியையும் அகழியையும் நம்பியிருக்கிறது. நாங்கள் குடகில் இருந்து கொண்டுவந்த பதில் இதுதான்.

வாசகர்கள் கேட்டவை

பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் கிடைக்குமா?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-வது பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி வைத்திருக்கிறது. பாயின்ட் 22 ரைபிள் அந்த வகையில் வராது. மாவட்ட ஆட்சியரிடம், மாநகரமானால் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. உரிமம் கிடைத்தாலும் அது துப்பாக்கி வைத்திருக்கத்தான். காட்டு விலங்கைச் சுடுவதற்கான அனுமதி அல்ல.

அப்படியானால் காட்டுப்பன்றியை யாருமே சுட முடியாதா?

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவுப்படி, காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால், சுடுவது வனத்துறையினர் மட்டுமே. சேதம் நடந்ததும் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிவையுங்கள்.

ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்களே?

குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். ஆனால், அதை வைத்து மயிலையோ குரங்கையோ சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பன்றிக்கு அது கொசுக்கடி.

வேறு என்னதான் செய்வது?

அவுட்டுக்காய் வைப்பதும், வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்குக் கொடுப்பதும் கூடவே கூடாது. இரண்டிலும் பன்றியோடு மனிதரும் யானையும் மாட்டை மேய்க்கப் போன பிள்ளையும் பலியாகிறார்கள். தரமான மின்தூண்டல் கருவி பொருத்திய சோலார் வேலியை அக்கம்பக்கத்து நாலைந்து காட்டுக்காரர்கள் சேர்ந்து போட்டால் செலவும் பங்காகும், காவலும் பங்காகும். பன்றிக்குக் கீழ்க் கம்பி தரையில் இருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. அதன் அடியில் புல் வளர விடாதீர்கள்.